டால்கிளீஷ் ஓடவில்லை

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. லண்டனில் எங்கட ஆக்களின் பிறந்தநாள் விழா எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மண்டபம், முந்நூறு பேர், ஏழு மணி என்று போட்டால் ஒன்பதரைக்குத்தான் சாப்பாடு. அதுவரை பசியோடு நிற்கிற ஆண்கள் எல்லாரும் ஒரு மூலையில் கூடி உதைபந்தாட்டம் கதைப்பார்கள். அந்த மூலையில் நானும் நின்றேன்.

லிவர்பூலில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்று கதை வந்தது. ஒரு தம்பி சலா என்றான். இன்னொருவன் ஜெராட் என்றான். நான் கென்னி டால்கிளீஷ் என்றேன். பக்கத்தில் நின்ற மாமா ஒருவர் சிரித்தார்.

“தம்பி, உன்ர ஆள் நடுவில விட்டிட்டு ஓடினவர் எல்லோ? லீக்கில முதலாவதா நிக்கேக்க விட்டிட்டுப் போனவர். ஆம்பிளை எண்டால் நிண்டு முடிச்சிருக்க வேணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு இப்போது வெட்கமாக இருப்பது அதுதான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். மாமா, நீங்கள் இதை வாசிக்கப் போவதில்லை. உங்கள் மகன் வாசிப்பான். அவனுக்குத்தான் எழுதுகிறேன்.

முதலில் யாரைப் பற்றிக் கதைக்கிறோம் என்று பார்ப்போம். உங்களில் பலருக்கு டால்கிளீஷ் என்றால் லிவர்பூல் ஆடும்போது கமரா காட்டுகிற ஒரு வயதான மனிதர், அல்லது அன்ஃபீல்ட் மைதானத்தில் ஒரு பார்வையாளர் அரங்கின் பெயர். அவ்வளவுதான்.

1951 இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த நகரத்தில் செல்ட்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரண்டு பெரிய கழகங்கள். செல்ட்டிக் கத்தோலிக்கருடையது, ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்தருடையது என்று பிரிந்து கிடந்த ஊர். டால்கிளீஷ் புரட்டஸ்தாந்து வீட்டுப் பிள்ளை, ரேஞ்சர்ஸ் ரசிகன். ஆனால் 1967 இல் அவரை எடுத்தது செல்ட்டிக். செல்ட்டிக் ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது, அறைச் சுவரில் ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் படங்களை அவசரமாகக் கழற்றினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு அந்தச் செல்ட்டிக்குக்காக 167 கோல்கள் அடித்தார். நான்கு லீக் பட்டங்கள், நான்கு ஸ்கொட்டிஷ் கிண்ணங்கள் வென்றார்.

1977 இல் லிவர்பூலின் கெவின் கீகன் ஜேர்மனிக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு டால்கிளீஷை 440,000 பவுண் கொடுத்து வாங்கினார்கள். அன்றைய நாளில் இரண்டு பிரித்தானியக் கழகங்களுக்கிடையில் கைமாறிய மிகப் பெரிய தொகை அது. அந்தப் பருவத்தின் கடைசியில் வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டி. எதிரணி பெல்ஜியத்தின் புரூஜ். கிரேம் சூனஸ் பந்தை உள்ளே தள்ளிவிட, டால்கிளீஷ் கோலுக்கு வலப்பக்கமாக ஓடிப்போய் எடுத்தார். கோல்காப்பாளர் முன்னால் ஓடி வருகிறார். வேறு யாரும் என்றால் பதறி அடித்திருப்பார்கள். டால்கிளீஷ் அடிக்கவில்லை. காப்பாளர் நிலத்தில் விழும்வரை பொறுத்தார். விழுந்த பிறகு, அவருக்கு மேலால் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். 1–0. அந்தக் காட்சி இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

லிவர்பூலுக்காக 515 ஆட்டங்கள், 172 கோல்கள், மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள். ஸ்கொட்லாந்துக்காக 102 ஆட்டங்கள். நான் இதை எழுதும்வரை அதை யாரும் தாண்டவில்லை. 30 கோல்கள், அந்தச் சாதனையை டெனிஸ் லோவோடு பகிர்ந்துகொள்கிறார். ஆனால் கோல் கணக்கை மட்டும் பார்த்தால் அவரைப் புரியாது. பின்கள வீரரைத் தன் முதுகால் தடுத்து வைத்துக்கொண்டு, பந்தைக் காலடியில் வைத்து, ஓடி வருகிற மற்றவனுக்காகக் காத்திருப்பார். இயன் ரஷ் என்ற பையன் லிவர்பூலின் அதிகக் கோல் அடித்த ஆளாக வந்ததற்கு ஒரு காரணம், அவன் எங்கே ஓடப்போகிறான் என்று டால்கிளீஷுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. தான் அடிப்பதைவிட மற்றவனை அடிக்கவைப்பதில் சந்தோசப்பட்ட முன்கள வீரர் அவர்.

இனி மாமா சிரித்த விஷயத்துக்கு வருவோம்.

1985 இல் லிவர்பூல் அவரை ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் நியமித்தது. அது எப்படிப்பட்ட நேரம் என்று பாருங்கள். மே 29 அன்று பிரசெல்ஸில் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூலும் யுவென்டசும் இறுதிப்போட்டி ஆட வந்தபோது லிவர்பூல் ரசிகர்களின் ஒரு கூட்டம் பாய்ந்ததில் மதில் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இத்தாலியர். அந்த அவமானத்துக்கும் துக்கத்துக்கும் நடுவில், 34 வயதில், அவர் பொறுப்பை எடுத்தார். அடுத்த வருடமே லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்றார். லீக்கை உறுதி செய்த கோலை செல்சி மைதானத்தில் அடித்ததும் அவர்தான்.

பிறகு 1989 ஏப்ரல் 15. ஷெபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டோடு அரையிறுதி. வெளியே குவிந்த கூட்டத்தைக் குறைக்கப் பொலிஸ் ஒரு வாயிலைத் திறந்தது. சனம் ஏற்கெனவே நிறைந்து கிடந்த கம்பிக் கூண்டுகளுக்குள் போய் இறுகியது. ஆறு நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. இறந்தவர்கள் 97 பேர். கடைசியாகக் கணக்கில் சேர்ந்தவர் அன்றைய காயங்களோடு 32 வருடம் வாழ்ந்து 2021 இல் இறந்தார். நாலு நாளில் ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் பழியை ரசிகர்கள் மேல் போட்டது. அது பொய். அந்தப் பொய்யை உடைத்து, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பை ஜூரியிடம் வாங்கக் குடும்பங்களுக்கு 2016 வரை எடுத்தது.

அந்த நாட்களில் டால்கிளீஷ் என்ன செய்தார்? அன்ஃபீல்ட் கதவுகள் திறக்கப்பட்டன. சனம் பூக்களோடு வந்தது. பாதி மைதானம் பூவால் மூடிப்போனது. அவரும் அவருடைய மனைவி மரீனாவும் குடும்பங்களோடு இருந்தார்கள். வீரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செத்தவீடுகளுக்குப் போனார்கள். ஒவ்வொரு இறுதிச் சடங்கிலும் கழகத்தின் சார்பில் யாராவது நிற்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டார். ஒரு நாள் அவர் மட்டும் நான்கு சடங்குகளுக்குப் போனார். நான்கு! அவருக்கு அப்போது வயது 38. அவர் மதகுரு இல்லை, வைத்தியர் இல்லை. பந்து உதைக்கத் தெரிந்த ஒரு மனிதர். அவரை யாரும் அதற்குத் தயார்ப்படுத்தவில்லை. 1971 இல் கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் நெரிசலில் 66 பேர் இறந்த நாளிலும் இளம் வீரராக அவர் அங்கே இருந்தார். ஐப்ரொக்ஸ், ஹெய்சல், ஹில்ஸ்பரோ. மூன்று இடங்களிலும் இருந்த மனிதர்.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா 1989 தொடக்கத்தில் லண்டன் வந்தவர். ஒரே வீட்டில் எட்டுப் பெடியள், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அரைகுறை ஆங்கிலம். அந்தப் பூக்களை ரீவியில் பார்த்துத்தான் லிவர்பூல் பக்கம் போனேன் என்பார். ஆட்டம் பார்த்து இல்லை. “எங்கட பக்கம் செத்த சனத்துக்குப் பூ வைக்கவே விடமாட்டாங்கள். இங்க ஒரு மைதானம் முழுக்கப் பூ.” அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகும் டால்கிளீஷ் நிற்கவில்லை. 1990 இல் மறுபடி லீக் வென்றார். அடுத்த பருவத்திலும் அணி முதலிடத்தில் நின்றது. 1991 பெப்ரவரி 20, எவர்ட்டனோடு கிண்ணப் போட்டி. லிவர்பூல் நான்கு தடவை முன்னிலை எடுத்தது, எவர்ட்டன் நான்கு தடவையும் சமப்படுத்தியது. 4–4. எதை மாற்றவேண்டும் என்று தனக்குத் தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் நின்றதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து பதவி விலகினார். தன்மேல் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை என்றார். நாற்பதாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருந்தது.

இதைத்தான் மாமா ‘ஓட்டம்’ என்கிறார்.

ஓடுகிறவன் எப்படி ஓடுவான் என்று எங்களுக்குத் தெரியாதா? ஒரு பொய்க் காரணம் சொல்லுவான். முதுகு நோ என்பான். குடும்பப் பிரச்சினை என்பான். வேறு கழகத்தோடு இரகசியமாகக் காசு பேசிவிட்டுப் போவான். டால்கிளீஷ் கமராக்களுக்கு முன்னால் இருந்து, என்னால் முடியவில்லை என்றார். 1991 இல் உதைபந்தாட்ட உலகத்தில் ஒரு ஆண், அதுவும் கிளாஸ்கோக்காரன், நாட்டின் முதலிடத்து அணியின் முகாமையாளர், அப்படிச் சொல்வது சின்ன விஷயமா? நான்கு செத்தவீட்டுக்கு ஒரே நாளில் போவதற்கு எவ்வளவு துணிவு வேண்டுமோ, அதற்குக் குறையாத துணிவு இதற்கும் வேண்டும்.

“அவர் போனதாலதான் லிவர்பூலுக்கு 30 வருசம் லீக் இல்லாமல் போனது” என்று அடுத்த கேள்வி வரும். 1990 க்குப் பிறகு 2020 வரை லீக் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த 30 வருடத்தில் எத்தனை முகாமையாளர்கள் வந்தார்கள், எத்தனை கோடி பவுண் செலவானது? அதையெல்லாம் விட்டுவிட்டு, களைத்துப்போன ஒரு மனிதரின் தலையில் முழுக்கணக்கையும் எழுதுகிறீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வெடுத்த பிறகு கழகம் திரும்பக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். கூப்பிடவில்லை. எட்டு மாதத்தில் இரண்டாம் பிரிவில் கிடந்த பிளக்பேர்ன் கூப்பிட்டது. போனார். மேலே கொண்டுவந்தார். 1995 இல் பிளக்பேர்னைப் பிரீமியர் லீக் வெல்ல வைத்தார். மான்செஸ்டர் யுனைட்டட்டைவிட ஒரே ஒரு புள்ளி கூட. அந்தக் கடைசி ஆட்டம் நடந்த இடம் அன்ஃபீல்ட். ஆட்டத்தில் பிளக்பேர்ன் தோற்றது, பட்டத்தை எடுத்தது. லிவர்பூல் ரசிகர்களும் கைதட்டினார்கள். முடிந்துபோன மனிதர் செய்கிற வேலையா இது? அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வு. அதை எடுப்பதற்கு 1991 இல் பதவி விலகுவதைத் தவிர வேறு வழி யாரும் அவருக்குக் காட்டவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நான் பல்கலைக்கழகப் படிப்பை ஒரு வருடம் நிறுத்தினேன். பெரிய சம்பவம் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான். எழும்பினாலும் கட்டிலில் இருந்து நிலத்தில் கால் வைக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். வீட்டில் சண்டை இல்லை. அம்மா சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தந்தார். ஆனால் சொந்தக்காரர் கேட்டால், “அவன் ஒரு கொம்பனியில ஒரு வருசம் வேலை பழகிறான்” என்று சொன்னார். எந்தக் கொம்பனி என்று யாராவது என்னைக் கேட்டால் நான் கதையை மாற்றுவேன். அந்த ஒரு வருடத்தில் என்னைக் களைக்கவைத்தது நோய் பாதி, அந்தக் கொம்பனி பாதி. நான் திரும்பிப் போய்ப் படித்து முடித்தேன். ஆனாலும் அந்த மூலையில் மாமா சிரித்தபோது, அவர் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அதனால்தான் நானும் சிரித்தேன்.

மாமாமார் எல்லாரையும் நான் மதிக்கிறேன். நீங்கள் நின்றீர்கள். இரண்டு வேலை, மூன்று வேலை செய்து நின்றீர்கள். உங்களுக்கு விலகுவதற்கு ஒரு இடமே இருக்கவில்லை. வாடகை, ஊருக்குக் காசு, ஏஜென்சிக் கடன், விசா. விலகியிருந்தால் விழுந்திருப்பீர்கள். ஆனால் வேறு வழியில்லாமல் நின்றதை, வழியிருக்கிற பிள்ளைகளுக்கும் சட்டமாக்காதீர்கள். உங்களில் சிலர் இரவில் இன்னும் நித்திரை இல்லாமல் இருப்பது எங்களுக்குத் தெரியும். அதையும் வீரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது என் வயது ஆட்களுக்கு ஒரு வார்த்தை. மாமாவை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. எங்களிடமும் ஒரு பொய் இருக்கிறது.

டால்கிளீஷைப் புனிதராக்காதீர்கள். 1987 இல் ஜோன் பார்ன்ஸை வாங்கியவர் அவர்தான். லிவர்பூலுக்கு நட்சத்திரமாக ஆன முதல் கறுப்பின வீரர் பார்ன்ஸ். எதிரணி ரசிகர்கள் வாழைப்பழம் எறிந்தார்கள். அதைப் பார்ன்ஸ் குதிகாலால் தட்டிவிடுகிற படம் இன்றைக்கும் சுற்றுகிறது. அப்படி ஒருவரோடு நின்ற முகாமையாளர், 2011 இல் திரும்பவும் லிவர்பூலின் பொறுப்பில் இருந்தார். அந்த ஒக்டோபரில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைட்டட்டின் பத்ரீஸ் எவ்ராவை நிறத்தைக் குறித்து இழிவுபடுத்தினார் என்று விசாரணை முடிவு செய்தது. எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண் தண்டம். அடுத்த நாள் விகன் மைதானத்தில் லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸின் படம் போட்ட ரீசேர்ட்டோடு பயிற்சிக்கு வந்தார்கள். டால்கிளீஷ் தடுக்கவில்லை, ஆதரவாக நின்றார். 2012 பெப்ரவரியில் சுவாரெஸ் எவ்ராவுக்குக் கை கொடுக்க மறுத்தபோது, தொலைக்காட்சியில் கேள்வி கேட்டவரோடு சினந்தார். அடுத்த நாள் அந்த நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டார்.

“அது விசுவாசம் அண்ணா, தன்ர பெடியனை விட்டுக்குடுக்க ஏலாது” என்று லிவர்பூல் ரசிகரான ஒரு தம்பி எனக்கு எழுதினான். தம்பி, உன்னை ஒருவன் மைதானத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டினால், அடுத்த கிழமை அவனுடைய அணி முழுவதும் அவன் படம் போட்ட ரீசேர்ட்டோடு வந்தால், அதை விசுவாசம் என்று நீ சொல்வாயா? எவ்ரா தன்ர ரீவியில் அதைப் பார்த்தார். அந்த ரீசேர்ட் போட்டவர்களில் ஒருவரான ஜேமி கராகர் 2019 இல் அதே எவ்ராவிடம் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடம் எடுத்தது. உனக்கு இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

என்னுடைய வாதம் இவ்வளவுதான். 1989 இல் டால்கிளீஷ் பெரிய மனிதராக இருந்ததற்குக் காரணம், கழகத்தைவிடக் காயப்பட்ட மனிதர் முக்கியம் என்று நடந்தார். 1991 இல் அந்தக் காயப்பட்ட மனிதர் அவரேதான். அப்போதும் அப்படியே நடந்தார். 2011 இல் காயப்பட்டவர் எதிரணிச் சட்டை போட்டிருந்தார். அந்த ஒரு தடவை அவர் கழகத்தைப் பார்த்தார், மனிதரைப் பார்க்கவில்லை. பிழை செய்தது அங்கே. மாமா சரியாகப் பிடித்த மனிதரின் பிழையான வருடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தம்பி அந்தப் பிழையையே கொடியாகப் பிடிக்கிறான்.

எங்கள் கோயில் நிர்வாகம், தமிழ்ப் பள்ளிக்கூடம், விளையாட்டுக் கழகம், வீடு எல்லாவற்றிலும் இதே இரண்டு பிழையும் நடக்கிறது. முடியாமல் போனவனை ஓடினவன் என்கிறோம். எங்கட ஆள் இன்னொருவரைக் காயப்படுத்தினால் விட்டுக்குடுக்கக் கூடாது என்கிறோம். இரண்டையும் விசுவாசம் என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்போது ஒரு ‘கொம்பனி’யில் வேலை பழகிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நம்பக்கூடிய ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். வைத்தியராக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். நான் முதலில் சொன்னது என் மச்சாளிடம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் கொத்துரொட்டி வாங்கி வந்தாள். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த பிறந்தநாள் விழா ஆவணியில். மாமாவும் வருவார். சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் வரும், எங்களுக்கு நேரம் நிறைய இருக்கும். ஒரே நாளில் எத்தனை செத்தவீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் மாமா என்று கேட்கப் போகிறேன். இந்த முறை யாராவது சிரித்தால் நான் சேர்ந்து சிரிக்கமாட்டேன்.